பவளத்தைக் கடிக்கிற கிளிமீன் பவளத்துக்கு உதவுமா?

டைவிங் போன இடத்தில் ஒரு பெரிய பச்சைக் கிளிமீன் உயிருள்ள பவளத்தில் வாயை வைத்து நறுக்கென்று கடித்து, வெள்ளையாக ஒரு தழும்பை விட்டுப் போனதைப் பார்த்தேன் என்கிறீர்கள். கூட வந்த வழிகாட்டியோ இந்த மீன் இருந்தால்தான் பவளத்திட்டு பிழைக்கும், கடற்கரையில் மிதிக்கிற வெள்ளை மணலே இது போட்ட எச்சம்தான் என்று சொன்னாராம். எதை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். மேலே பார்த்தால் நல்ல மீனா கெட்ட மீனா என்ற கேள்வி மாதிரி இருக்கிறது. ஆனால் நீங்கள் உண்மையில் கேட்பது, தான் குடியிருக்கும் பாறையையே அரித்துத் தின்கிற ஒரு பிராணியால் அந்தப் பாறைக்கு எப்படி நன்மை வர முடியும், அப்படிச் சொல்வதில் எவ்வளவு ஆய்வில் நின்றது, எவ்வளவு படகில் பேசுகிற பேச்சு என்பதுதான். அதற்கே பதில் சொல்லப் பார்க்கிறேன். கொஞ்சம் நீளும்.

முதலில் என் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் பல வருடம் செய்தது மீன் எண்ணும் வேலை. ஐம்பது மீட்டர் நாடாவைத் திட்டின் மேல் விரித்துவிட்டு, அதன் ஓரமாக மெதுவாக நீந்திக்கொண்டே எந்த மீன், எத்தனை, என்ன நீளம் என்று பிளாஸ்டிக் பலகையில் பென்சிலால் குறித்துக்கொண்டு போக வேண்டும், அவ்வளவுதான். கேட்க எளிதாக இருக்கும். நீருக்குள் எல்லாமே நிஜத்தைவிடப் பெரிதாகத் தெரிவதால் நீளத்தைச் சரியாகக் கணிக்கப் பழகவே மாதக்கணக்கில் ஆகும். ஆக, மீன் என்ன செய்கிறது, எங்கே கடிக்கிறது, எந்த அளவில் எத்தனை இருக்கிறது என்பதெல்லாம் கண்ணால் பார்த்துச் சொல்வது. பல்லின் படிகம், குடலுக்குள் நடப்பது போன்றவை மற்றவர்களின் ஆய்வைப் படித்துத் தெரிந்துகொண்டவை.

கிளிமீன் என்று ஒருமையில் பேசும்போதே பாதிக் குழப்பம் வந்துவிடுகிறது. வெப்பக் கடல்களில் ஏறக்குறைய நூறு இனங்கள் இருக்கின்றன. ஒரு சாண்கூட வளராததும் உண்டு, ஆளின் இடுப்பைத் தாண்டும் நீளத்துக்கு வளர்வதும் உண்டு. சாப்பிடும் விதத்தை வைத்துப் பார்த்தால் மோட்டாக மூன்று கூட்டம். பாறையின் மேல்பரப்பை மட்டும் வழித்தெடுப்பவை ஒன்று. அலகை உள்ளே இறக்கிச் சுண்ணாம்புப் பாறையையே பெயர்த்தெடுப்பவை இன்னொன்று. பெரிய பாசி இலைகளையும் கடற்புல்லையும் மேய்பவை மூன்றாவது. முதல் கூட்டத்தில்தான் இனங்கள் அதிகம், தலையும் அதிகம். ஆனால் பாறைக்கு நடக்கிற பெரிய மாற்றம் முக்கால்வாசி இரண்டாவது கூட்டத்தின் வேலை. இவை எல்லாவற்றையும் ஒரே பெயரில் அடக்கிவிட்டு அது காப்பாற்றுகிறதா அழிக்கிறதா என்று கேட்டால் யாராலும் ஒழுங்கான பதில் சொல்ல முடியாது.

அந்த வாயைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. கிளி அலகு மாதிரி தெரிவது உண்மையில் நூற்றுக்கணக்கான சின்னச் சின்னப் பற்கள் நெருக்கமாக ஒட்டி ஒரே தகடாக ஆனது. ஒரு பெரிய இனத்தின் அலகைப் பூபா கில்பர்ட் குழுவினர் 2017இல் ஊடுகதிர் வைத்து ஆராய்ந்தார்கள். அதற்கு ஏறக்குறைய 1,000 பல், 15 வரிசையாக. முன்னால் இருப்பது தேய்ந்து உதிர உதிரப் பின்னால் இருக்கும் வரிசை முன்னுக்கு வந்துகொண்டே இருக்கும். பல் உறையின் கனிமம் ஃபுளோரபடைட், அதன் படிகங்கள் கட்டுக்கட்டாக ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. உயிர்கள் தாங்களாகவே உண்டாக்கும் பொருள்களில் மிகக் கடினமானவற்றின் வரிசையில் இது வருகிறது. அலகு உடைத்தெடுப்பதற்குத்தான். தொண்டைக்குள் இன்னொரு ஜோடித் தாடை இருக்கிறது, மேல் ஒன்று கீழ் ஒன்று, அம்மியும் குழவியும் மாதிரி. உள்ளே போன பாறைத் துண்டு அங்கே மாவாக அரைபடும். இரைப்பை என்று ஒன்று இந்த மீனுக்கு இல்லை. அரைத்தது நேரே நீளமான குடலுக்குப் போகும், சத்து உறிஞ்சப்படும், சுண்ணாம்பு அப்படியே பின்னால் வெளியேறும்.

சரி, கல்லைத் தின்று அதற்கு என்ன கிடைக்கிறது? இதற்குப் பாசி என்றுதான் ரொம்ப நாளாகப் பதில் சொல்லி வந்தோம், நானும் அப்படித்தான் பல பேருக்குச் சொல்லியிருக்கிறேன். 2017இல் கெண்டல் கிளெமென்ட்ஸும் கூட்டாளிகளும் இதை வேறு மாதிரி முன்வைத்தார்கள். கிளிமீன் உண்மையில் தேடுவது பாறையின் மேலும், மேல்தோலுக்குச் சற்றுக் கீழே சுண்ணாம்புக்குள்ளேயே துளைத்துக்கொண்டும் வாழ்கிற நீலப்பச்சை நுண்ணுயிர்களையும் அதுபோன்ற புரதம் மிகுந்த நுண்ணுயிர்களையும்தான், கண்ணுக்குத் தெரிகிற பாசி அதோடு சேர்ந்து போவதுதான் என்பது அவர்கள் வாதம். எனக்கு இது சரியாகவே படுகிறது, ஏனென்றால் மேலே இருக்கிற பாசி மட்டும் வேண்டுமென்றால் இவ்வளவு கல்லைப் பெயர்க்க வேண்டிய அவசியமே இல்லை. எல்லா இனத்துக்கும் இது ஒரே அளவுக்குப் பொருந்துமா என்ற விவாதம் இன்னும் ஓய்ந்துவிடவில்லை. ஆனால் ‘பாசி தின்னும் சாதுவான மீன்’ என்ற படத்தை அப்படியே வைத்துக்கொள்ள இனி முடியாது.

ஒரு மீனைப் பக்கத்திலிருந்து பார்த்தால் இதெல்லாம் புரிந்துவிடும். மீனை விரட்டக் கூடாது. ஒரு மணல் திட்டில் மெதுவாக முட்டி போட்டு, மூச்சை நிதானமாக விட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டும். நடுத்தர அளவு மீன் ஒன்று பக்கத் துடுப்பைத் துடுப்புப் போடுவது போல அடித்துக்கொண்டு வரும், இரண்டு கண்ணையும் தனித்தனியாக உருட்டிப் பாறையைப் பார்க்கும், சட்டென்று தலையைக் கவிழ்த்து ஒரு கடி. ‘நறுக்’ என்ற அந்தச் சத்தம் நீருக்குள் தெளிவாகக் கேட்கும், மீன் கண்ணில் படுவதற்கு முன்னாலேயே காதில் விழுந்துவிடும். ஒரே இடத்தில் மூன்று நான்கு தடவை கொறித்துவிட்டு இரண்டு மீட்டர் தள்ளிப் போய் மறுபடியும் ஆரம்பிக்கும். சின்ன வழிப்பான்களில் நிமிடத்துக்குப் பதினைந்து கடிகூட எண்ணியிருக்கிறேன். பெரிய மீன் கடிப்பது குறைவு, ஆனால் ஒவ்வொரு கடியும் உளி வைத்துச் செதுக்கியது போல இருக்கும். அப்புறம் நடுவில் ஒரு தடவை மேலே எழும்பி, பாறையை விட்டுக் கொஞ்சம் விலகி, பின்னாலிருந்து வெள்ளைப் புகை மாதிரி ஒரு மேகத்தைவிட்டுவிட்டு ஒன்றும் நடக்காதது போலத் திரும்பி வரும். அந்த மேகம் மெல்லக் கீழே இறங்கி மணலாகப் படிவதைக் கண்ணால் பார்க்கலாம். காலை வெளிச்சத்தில் ஆரம்பித்தால் சாயங்காலம் வரை அதற்கு இதே வேலைதான்.

உங்கள் வழிகாட்டி மணலைப் பற்றிச் சொன்னது சில இடங்களுக்கு உண்மை, எல்லா இடத்துக்கும் இல்லை. மாலத்தீவில் வக்காரு என்ற சின்னத் தீவைச் சுற்றி கிறிஸ் பெர்ரி என்பவரின் குழு கணக்கெடுத்து 2015இல் வெளியிட்டது. அந்தத் திட்டில் புதிதாக உண்டாகும் மணலில் 85 சதவீதத்துக்கு மேல் கிளிமீனிடமிருந்து வருகிறது என்று கண்டார்கள். அந்தத் தீவே இப்படிப்பட்ட மணல் குவிந்து நிற்பது என்பதால், அங்கே நிற்பவர் காலடியில் இருப்பது பெரும்பாலும் மீன் எச்சம் என்று சொன்னால் அதில் மிகை இல்லை. ஆனால் இதை எடுத்துக்கொண்டு போய் உலகத்தில் இருக்கிற எல்லா வெள்ளைக் கடற்கரைக்கும் ஒட்ட முடியாது. ஆஸ்திரேலியாவின் கிரேட் பாரியர் ரீஃப்பின் வடக்கே ரெயின் தீவு மாதிரி இடங்களில் மணல் பெரும்பாலும் ஃபோராமினிஃபெரா என்ற நுண்ணுயிர்களின் ஓடு. வேறு இடங்களில் ஹாலிமீடா என்ற சுண்ணாம்புப் பாசி உதிர்த்த செதில்கள் அதிகம் இருக்கும். ஆறு கொண்டுவந்து கொட்டிய குவார்ட்ஸ் மணல் கிடக்கும் கரையில் கிளிமீனுக்குச் சம்பந்தமே கிடையாது.

ஒரு மீன் வருடத்துக்கு எவ்வளவு கல்லை அரிக்கும் என்று கேட்டால் அதற்கும் ஒரே எண் கிடையாது. டேவிட் பெல்வுட் என்ற ஆய்வாளர் கிரேட் பாரியர் ரீஃப்பில் லிசார்ட் தீவுப் பக்கம் குளோரூரஸ் பேரினத்தின் இரண்டு இனங்களை அளந்து 1995இல் எழுதினார். இரண்டுமே பெயர்த்துத் தின்பவை, ஒன்று பெரியது, ஒன்று சிறியது. பெரியதில் ஒரு மீன் வருடத்துக்கு ஆயிரம் கிலோவுக்குச் சற்று மேல் அரித்தது, சிறியதில் ஒரு மீன் சுமார் 24 கிலோ. நாற்பது மடங்கு வித்தியாசம், அதுவும் ஒரே பேரினத்துக்குள். இணையத்தில் ‘ஒரு கிளிமீன் வருடத்துக்கு இத்தனை நூறு கிலோ மணல் தருகிறது’ என்று சுற்றுகிற வரிகளில் எந்த இனம், எந்த அளவு என்று போட்டிருக்காது. அதனால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லாமல் போகிறது.

இனி நீங்கள் பார்த்த தழும்புக்கு வருவோம். பெரும்பாலான கிளிமீன் கடிக்கிறது செத்த பவளத்தின் மேல், பாசி படர்ந்த பாறையின் மேல். உயிருள்ள பவளத்தைக் கடிப்பது பல இனங்களில் அபூர்வம். சிலவற்றில் அப்பப்போ நடக்கும். கரீபியனில் சிக்னல் விளக்கு மாதிரி நிறத்தோடு திரியும் ஸ்பாரிசோமா விரிடே அதற்குப் பேர் போனது. ஒரு கடியோடு விட்டுவிட்டால், தழும்பு ஆழமில்லாமல் இருந்தால், சுற்றியுள்ள திசு வளர்ந்து மூடிவிடும். ஒரே பவளத்தை மறுபடி மறுபடி வந்து கடிக்கிற வழக்கமும் உண்டு, அப்படிப்பட்ட குன்று பாதி வெள்ளையாகி, வெள்ளையின் மேல் பாசி ஏறி, திரும்ப எழாமல் போவதைப் பார்த்திருக்கிறேன். எனவே உங்கள் கண் ஏமாற்றவில்லை, அது பவளத்துக்குக் காயம்தான்.

இந்த விஷயத்தில் உச்சத்தில் இருப்பது போல்போமெட்டோபான் என்ற திமில் தலைக் கிளிமீன். 1.3 மீட்டர் நீளம், 46 கிலோ எடை வரை வளரும், நாற்பது வருடம் வரைகூட வாழும். மாட்டு மந்தை போலக் கூட்டமாக வரும். ஒரு தடவை அப்படி ஒரு கூட்டம் என் நாடாவைத் தாண்டிப் போனபோது பாறை உடைகிற சத்தத்தில் என் மூச்சுக் குமிழிச் சத்தமே கேட்கவில்லை, எண்ணுவதை மறந்து பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன், அன்றைய வரிசையைத் திரும்பச் செய்ய வேண்டியதாயிற்று. ஒரு மீன் வருடத்துக்கு 5 டன்னுக்கு மேல் திட்டின் சுண்ணாம்பை விழுங்குகிறது, அதில் ஏறக்குறைய பாதி உயிருள்ள பவளம். இதைப் போய் ‘பவளத்தின் காவலன்’ என்று எப்படிச் சொல்வது? பசிபிக்கில் பல்மைரா தீவில் இந்த மீனையே வைத்துச் செய்த ஆய்வு இரண்டு பக்கத்தையும் காட்டியது. பவளத்தின் அளவைக் குறைக்கிறது, அது ஒரு பக்கம். பவளத்தோடு இடத்துக்குப் போட்டி போடும் பாசியையும் தின்கிறது, உடைந்த பவளத் துண்டுகள் வேறு இடத்தில் விழுந்து முளைக்கவும் வழி செய்கிறது, அது இன்னொரு பக்கம். கூட்டிக் கழித்து லாபமா நட்டமா என்பது அந்தத் திட்டில் என்னென்ன பவளம் இருக்கிறது, மீன் எத்தனை இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

இப்போது வழிகாட்டி சொன்னதன் மையப் பகுதி, ‘இந்த மீன் இருந்தால்தான் திட்டு பிழைக்கும்’. அதன் தர்க்கம் எளிது. பவளம் மெதுவாக வளர்வது, பாசி வேகமாக வளர்வது. பவளம் செத்த இடத்தில் முதலில் குடியேறுவது பாசிதான். அதை யாரும் மேயாமல் விட்டால் புதர் மாதிரி உயர்ந்து, மணலையும் பிடித்து வைத்துக்கொண்டு, மிதந்து வரும் பவளக் குஞ்சு ஒட்ட ஒரு கடுகளவு வெற்றுப் பாறைகூடக் கிடைக்காமல் செய்துவிடும். கிளிமீன் கடித்து வழித்துவிட்ட பாறையில் பாசி கட்டையாகவே இருக்கும், இளஞ்சிவப்பாகப் பூச்சு மாதிரி படரும் சுண்ணாம்புப் பாசி வரும், அதன் மேல் பவளக் குஞ்சு உட்கார வாய்ப்பு உண்டு. மேய்ச்சல் இருந்தால் பாசி அடங்கும் என்பது வரை சந்தேகமே வேண்டாம், கூண்டு போட்டுப் பெரிய மீன்களைத் தடுத்துப் பார்த்த பரிசோதனைகள் திரும்பத் திரும்பக் காட்டியது இது.

இதற்கு எல்லோரும் எடுத்துக்காட்டும் கதை ஜமைக்கா. அங்கே பல தலைமுறையாகப் பிடித்துப் பிடித்துப் பெரிய கிளிமீன்கள் ஏற்கனவே அருகிப் போயிருந்தன. ஆனாலும் பாசி அடங்கித்தான் இருந்தது, ஏனென்றால் டையடீமா என்ற நீண்ட கறுப்பு முள் கொண்ட கடல் முள்ளெலிகள் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தன. 1980இல் ஆலன் புயல் பவளத்தை நொறுக்கிவிட்டுப் போனது. 1983இல் ஒரு நோய் பனாமா பக்கம் தொடங்கி, ஒரு வருடத்துக்குள் கரீபியன் முழுக்கப் பரவி, முள்ளெலிகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் கொன்றுவிட்டது. மேய ஆள் இல்லை. 1970களின் கடைசியில் பாதிக்கு மேல் பவளம் மூடியிருந்த ஜமைக்காவின் திட்டுகள் 1990களின் தொடக்கத்தில் 5 சதவீதத்துக்கும் கீழே போயின, மீதி பாசிக்காடு. கிளிமீனும் முள்ளெலியும் ஒன்றுக்கு ஒன்று மாற்றாக இருந்தன, முதலாவதை மனிதர் எடுத்துவிட்டதால் இரண்டாவது போனதும் தாங்க ஒன்றும் மிச்சமில்லை. இன்னொரு சான்று எனக்கு இதைவிடப் பிடிக்கும்: கேட்டி கிரேமர் குழு பனாமாவின் போகாஸ் டெல் டோரோ பகுதியில் திட்டுக்குள் குழாய் இறக்கி எடுத்த படிவங்களில் கிளிமீன் பல் எத்தனை கிடக்கிறது என்று எண்ணி, சுமார் 3,000 வருட வரலாற்றைத் தொகுத்து 2017இல் வெளியிட்டது. கிளிமீன் பல் அதிகம் கிடந்த காலங்களில் திட்டு வேகமாக வளர்ந்திருக்கிறது, குறைந்த காலங்களில் மந்தமாகியிருக்கிறது. எது முன்னால் எது பின்னால் என்பதையும் அவர்கள் புள்ளியியல் முறையில் பார்த்து, மீன் குறைந்ததுதான் காரணம் என்ற பக்கமே சாய்ந்தார்கள்.

இதுவரை சொன்னதோடு நிறுத்தினால் வழிகாட்டி ஜெயித்துவிடுவார். ஆனால் இங்கேதான் நான் பிரேக் போட வேண்டியிருக்கிறது. கிரேட் பாரியர் ரீஃப்பில் ஆர்ஃபியஸ் தீவில் ஒரு பரிசோதனை. சில வருடம் கூண்டு போட்டுப் பெரிய மீனைத் தடுத்து வைத்ததில் உள்ளே சர்காசம் என்ற பழுப்புப் பாசி ஆள் உயரத்துக்குக் காடாக வளர்ந்துவிட்டது. கூண்டைத் திறந்து கேமரா வைத்துப் பார்த்தார்கள், யார் வந்து இந்தக் காட்டை அழிக்கப் போகிறார்கள் என்று. எல்லோரும் எதிர்பார்த்தது கிளிமீனையும் சர்ஜன் மீனையும். அவை வந்தன, ஓரமாக எதையோ கொறித்தன, போயின. காட்டைத் தின்று தீர்த்தது பிளாட்டாக்ஸ் என்ற தட்டையான அகலமான மீன், அது பாசி தின்னும் என்றே அதுவரை யாரும் பெரிதாக நினைத்ததில்லை. 2006இல் வந்த இந்த ஆய்வைப் படித்தபோது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது, ஏனென்றால் கிளிமீன் எண்ணிக்கையை வைத்தே ‘இந்தத் திட்டின் மேய்ச்சல் பலம் இவ்வளவு’ என்று அறிக்கை எழுதிக்கொண்டிருந்த ஆள் நான். கிளிமீன் பாசியைக் கட்டையாக வைத்திருக்கும். ஒரு தடவை காடாகிவிட்டால் அதை வெட்டித் திருப்பிக் கொண்டுவருவது பெரும்பாலான கிளிமீன்களின் வேலை இல்லை.

அடுத்தது வெப்பம். 2016இல் கடல் சூடேறி கிரேட் பாரியர் ரீஃப்பின் பவளத்தில் சுமார் 30 சதவீதம் ஒன்பது மாதத்துக்குள் மடிந்தது. நல்ல தண்ணீர், மீன்பிடி தடை இருந்த இடம், இல்லாத இடம் என்ற வித்தியாசம் வெளிறலை, அதாவது சூட்டில் பவளம் நிறமிழந்து வெள்ளையாவதை, தடுக்க ஏறக்குறைய உதவவே இல்லை. எந்த மீனாலும் தண்ணீரைக் குளிர்விக்க முடியாதல்லவா. ஜான் புரூனோவும் இன்னும் இருவரும் 2019இல் உலக அளவில் ஆய்வுகளைத் திரட்டி, மீன்பிடி தடை செய்து கிளிமீனைக் காப்பாற்றிய பகுதிகளில் பவளம் மற்ற இடத்தைவிட நன்றாகத் தாக்குப்பிடித்ததா, வேகமாகத் திரும்பி வந்ததா என்று பார்த்தார்கள். பெரும்பாலும் இல்லை என்றே வந்தது. இதோடு இன்னொரு சிக்கலும் சேர்கிறது. அதே 2016 வெளிறலுக்குப் பின் கிரேட் பாரியர் ரீஃப்பிலும் இந்தியப் பெருங்கடலின் சாகோஸிலும் கிளிமீன்கள் இரண்டிலிருந்து எட்டு மடங்குவரை பெருகின, உருவத்திலும் பெருத்தன என்று பிரெட் டெய்லர் குழு கண்டது. பவளம் செத்தால் பாறையில் நுண்ணுயிரும் பாசியும் ஏறும், அதாவது கிளிமீனுக்கு விருந்து. அப்படியானால் கிளிமீன் நிறைய இருக்கும் திட்டு ஆரோக்கியமான திட்டு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியுமா? நான் இப்போது சொல்வதில்லை.

அப்படியானால் கிளிமீனைப் பிடிக்கக் கூடாது என்ற தடையெல்லாம் வீணா என்று அடுத்துக் கேட்பீர்கள். வீண் என்று நான் நினைக்கவில்லை, ஆனால் எதிர்பார்ப்பைச் சரியான இடத்தில் வைக்க வேண்டும். கரீபியன் பக்கம் பெர்முடா 1990இல் மீன் பொறிகளைத் தடை செய்தது, பெலீஸ் 2009இல் கிளிமீன் பிடிப்பதைத் தடுத்தது, பொனேர் 2010இல். பெர்முடாவில் தடைக்குப் பின் கிளிமீன் திரும்பப் பெருகியது எண்ணிப் பார்த்துத் தெரிந்ததுதான். மேயும் முள்ளெலி போய்விட்ட, பாசி வேகமாக வளரும் கரீபியனில் இந்தத் தடைகளுக்கு வலுவான காரணம் இருக்கிறது. மேயும் மீன் இனங்கள் ஏராளமாக இருக்கும் இந்தோ-பசிபிக் திட்டுகளுக்கு அதே காரணத்தை அதே வலுவோடு சொல்ல நான் தயங்குவேன். எங்கே தடை போட்டாலும் புயலுக்கும் நோய்க்கும் பிறகு பாசி அடங்கியிருக்க அது உதவலாம், வெப்ப அலைக்குக் காப்பீடாக அதை விற்கக் கூடாது.

தடையைப் பற்றிப் பேசும்போது எத்தனை மீன் என்பதைவிட எவ்வளவு பெரிய மீன் என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன். மீனின் நீளம் இரட்டிப்பானால் கடியின் அளவு இரண்டு மடங்கில் நிற்காது, பல மடங்கு போகும். மேலே சொன்ன 24 கிலோ, ஆயிரம் கிலோ வித்தியாசத்தை நினைத்துப் பாருங்கள். ஈட்டியோடு இறங்குபவர் முதலில் எடுப்பதும் அந்தப் பெரிய மீனைத்தான். எண்ணிக்கையில் ஒன்றும் குறையாத மாதிரி தெரிந்தாலும் திட்டில் நடக்கிற வேலை பாதியாகிவிட்டிருக்கும், என் பலகையில் நீளத்துக்கு ஒரு பத்தி வைத்திருப்பதே அதற்காகத்தான். இதில் பாலினமும் கலக்கிறது. பெரும்பாலான இனங்களில் மீன் பெண்ணாகத் தொடங்கி, வளர்ந்த பிறகு ஆணாக மாறும். பழுப்பு, சாம்பல், மங்கிய சிவப்பு என்று இருந்தது பச்சையும் நீலமுமாக மின்ன ஆரம்பிக்கும். இரண்டு நிறத்தையும் பார்த்து வேறு வேறு இனம் என்று நினைத்துப் பழைய ஆய்வாளர்கள் இரண்டு பெயர் வைத்த கதைகள் ஏராளம், பின்னால் வந்தவர்கள் அவற்றை அடித்து அடித்தே களைத்துப் போனார்கள். எல்லாமே இப்படி மாறுவதில்லை, கடற்புல்லில் வாழும் லெப்டோஸ்காரஸ் பிறந்த பாலிலேயே இருந்துவிடும். ஆக, பளபளக்கும் பெரிய மீன்களை மட்டும் பொறுக்கி எடுத்தால் எடுபடுவது பெரும்பாலும் ஆண்கள். நீங்கள் பார்த்த பெரிய பச்சை மீன்கூட அநேகமாக ஆணாகத்தான் இருக்கும், ஒரு காலத்தில் பெண்ணாக இருந்த ஆண்.

இரவு விஷயம் நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் கிளிமீனைப் பற்றி எழுதிவிட்டு இதை விட மனசு வரவில்லை. இருட்டியதும் கிளிமீன் பாறை இடுக்கில் போய் ஒண்டிக்கொண்டு தூங்கும். அதில் சில இனங்கள் தூங்கும் முன் செவுள் பக்கமிருக்கும் சுரப்பிகளிலிருந்து சளியை விட்டு உடம்பைச் சுற்றி ஒரு பை மாதிரி கட்டிக்கொள்ளும். டார்ச்சைச் சற்று விலக்கிப் பிடித்துப் பார்த்தால் கண்ணாடித் தாளுக்குள் மீனை வைத்தது போல இருக்கும், மேலே மணல் துகள் ஒட்டியிருப்பதை வைத்துத்தான் உறையின் விளிம்பே தெரியும். அஞ்சாலை விலாங்கு மோப்பம் பிடித்து வராமல் இருக்க என்று முன்பு சொல்லி வந்தார்கள். அலெக்ஸாண்ட்ரா கிரட்டர் குழு 2010இல் இதைச் சோதித்தது, இரவில் வந்து ரத்தம் குடிக்கும் நேத்தியிட் என்ற சின்ன ஒட்டுண்ணிகளை வைத்து. உறையை நீக்கிய மீன்களில் 94 சதவீதம் கடிபட்டன, உறையோடு இருந்தவற்றில் 10 சதவீதம்தான். கொசுவலை என்று அவர்கள் ஒப்பிட்டது பொருத்தம்தான். அந்த உறைக்கு மீன் செலவழிப்பது ஒரு நாள் சக்தியில் 2.5 சதவீதம். விலாங்கு கதையும் பொய் என்று இதனால் ஆகிவிடாது, ஒட்டுண்ணி கதைக்குத்தான் பரிசோதனை பலம் இருக்கிறது. இந்தத் தூக்கம் இன்னொரு விதத்திலும் முக்கியம்: திமில் தலைக் கிளிமீன் ஆழமில்லாத இடத்தில் கூட்டமாகத் தூங்கும், டார்ச்சும் ஈட்டியும் கொண்ட ஒருவர் ஒரே இரவில் ஒரு மந்தையையே காலி செய்துவிடலாம். பல இடங்களில் அது காணாமல் போனதற்கு முதல் காரணம் அதுதான், மெதுவாக வளர்ந்து தாமதமாகப் பருவமடையும் மீன் என்பதால் திரும்பி வரவும் காலம் பிடிக்கும்.

அடுத்த தடவை இறங்கும்போது தழும்பை மட்டும் பார்க்காமல் அது எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். மேலோட்டமான கீறல்கள் செத்த பாறையில் பரவலாக இருந்தால் வழித்துத் தின்னும் சின்ன இனங்கள் வந்து போயிருக்கின்றன. ஆழமாகச் செதுக்கிய குழி இருந்தால் பெரிய பெயர்ப்பான் ஒன்று அந்தப் பக்கம் இன்னும் உயிரோடு திரிகிறது. உயிருள்ள பவளத்தில் ஒன்றிரண்டு வெள்ளைப் புள்ளி மட்டும் இருந்தால் விட்டுவிடுங்கள், சில வாரம் கழித்து அதே இடத்துக்குப் போக முடிந்தால் மூடியிருக்கிறதா என்று பார்க்கலாம். ஒரே குன்றில் பத்திருபது கடி, அதிலும் பழையதன் மேல் பாசி ஏறியிருந்தால் அந்தப் பவளம் தோற்றுக்கொண்டிருக்கிறது. நீங்கள் பார்த்தது இதில் எது என்று எழுதினால், கூடவே எந்தக் கடல், எவ்வளவு ஆழம், மீன் உங்கள் கை நீளமா அதைவிடப் பெரியதா என்றும் சொன்னால், என்ன இனம் என்று ஓரளவு குறுக்கிச் சொல்லப் பார்க்கிறேன்.